காதுக்கு ஒன்று, எழுத்துக்கு வேறு: உங்கள் கேள்விகளுக்கு இங்கிலீஷ் டீச்சர் பதில்

தொப்பூரிலிருந்து: டீச்சர், லாரிக்குப் பின்னால் 'ஏர் பிரேக்' எழுதச் சொன்னால் பெயின்டர் பி-ஆர்-இ-ஏ-கே என்று போட்டுவிட்டார். கிளீனர் பையன் தப்பு என்கிறான்.

பையன் சொல்வதுதான் சரி. வண்டியை நிறுத்துவது பி-ஆர்-ஏ-கே-இ. பெயின்டர் எழுதியது உடைவதற்கும் டீ பிரேக்குக்கும் உள்ள ஸ்பெல்லிங். கணவாய் இறக்கத்தில் போகிற வண்டிக்கு அது வேண்டாமே, அழித்து எழுதச் சொல்லுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: காட்டுப்பன்றி கடலைக்காட்டை நாசம் பண்ணிவிட்டது. மனுவில் மகன் 'வைல்டு போர்' என்று பி-ஓ-ஆர்-இ டைப் செய்திருக்கிறான், கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லையே?

போடாது. அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா என்றுதான் அது பெரும்பாலும் பார்க்கும், நீங்கள் சொல்ல வந்தது அதுவா என்பதை எப்போதும் கண்டுபிடிக்காது. பி-ஓ-ஆர்-இ என்றால் துளை போடுவது, நம் போர்வெல். பன்றிக்கு பி-ஓ-ஏ-ஆர். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனுவை எதற்கு இங்கிலீஷில் எழுதுகிறீர்கள்? தமிழ்தான் ஆட்சிமொழி என்று 1956லேயே சட்டம் போட்டாகிவிட்டது, தாராளமாகத் தமிழிலேயே கொடுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: மாவு மில் போர்டில் பூவுக்கு உள்ள ஸ்பெல்லிங்கைப் போட்டுவிட்டோம், ஊரே சிரிக்கிறது.

சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இரண்டும் பிறப்பில் ஒரே வார்த்தை. கோதுமையை அரைத்துச் சலித்தால் வருகிற நைஸான, உசத்தியான பகுதியைத்தான் அந்தக் காலத்தில் அதன் 'பூ' என்றார்கள், 18ஆம் நூற்றாண்டு வரை இரண்டு ஸ்பெல்லிங்கும் கலந்தே புழங்கின. இப்போது அது செல்லாது. ஓசூர் ரோஜாவுக்கு எஃப்-எல்-ஓ-டபிள்யூ-இ-ஆர், உங்கள் ராகி மாவுக்கு எஃப்-எல்-ஓ-யு-ஆர். போர்டை மாற்றிவிடுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து, பிளஸ் ஒன் மாணவி: மிஸ், இரவுக்கு என்-ஐ-ஜி-எச்-டி, குதிரை வீரனுக்கு மட்டும் முன்னால் ஒரு கே. சொல்லாத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்?

முன்பு சொன்னார்கள் அம்மா. 'க்னிஹ்ட்' என்கிற மாதிரி கே, ஜி-எச் எல்லாமே வாயில் வந்தன. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு ஸ்பெல்லிங் மெதுவாக உறைய ஆரம்பித்தது, உச்சரிப்போ தன் பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. சுமார் 17ஆம் நூற்றாண்டில் கே சத்தம் போயேபோச்சு, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. இறைச்சிக்கு இ-ஏ, சந்திப்பதற்கு இரண்டு இ என்று 'மீட்' இரண்டாக இருப்பதும் இப்படித்தான், ஒரு காலத்தில் அவை வேறு வேறு சத்தம். அதற்காக எல்லாவற்றுக்கும் இந்தக் காரணத்தைச் சொல்லிவிடாதே. 'முழுசு' என்கிற ஹோலுக்கு முன்னால் நிற்கும் டபிள்யூ வெறும் ஒட்டு, பழைய ஸ்பெல்லிங்கில் அது கிடையவே கிடையாது.

பாலக்கோட்டிலிருந்து: கடன் பேப்பரில் வரும் 'பிரின்சிபல்' எது சார்?

சார் இல்லை, டீச்சர். கடைசியில் பி-ஏ-எல் வந்தால் அசல் தொகை, காலேஜ் பிரின்சிபலும் அதேதான். பி-எல்-இ என்றால் கொள்கை. அதற்கு வட்டி கிடையாது.