ஸ்னாப் உதவி நின்றுவிடும் என்ற கடிதம்: பராமரிப்பாளருக்கு விலக்கு உண்டு

வணக்கம் சகோதரி. மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்குச் சான்று தராவிட்டால், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் ஸ்னாப் உணவு உதவி நின்றுவிடும் என்று 57 வயதான தங்களுக்குக் கடிதம் வந்திருப்பதாகவும், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்றும் கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்தது.

முன்பு 54 வயதோடு நின்ற இந்த விதியை, 2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம் 64 வயது வரை நீட்டியதால்தான் அக்கடிதம் தங்களுக்கு வந்துள்ளது. விலக்கோ வேலைச் சான்றோ இல்லாதவர்களுக்கு 36 மாதங்களில் 3 மாதங்கள் மட்டுமே உதவி கிடைக்கும். ஆனால், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத ஒருவரை வீட்டில் பராமரிப்பவருக்கு விலக்கு உண்டு. புதிய சட்டம் அதை நீக்கவில்லை.

ஆகவே மாமியாரின் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர் மட்டும் போதாது; அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, கழிப்பறைத் தேவைகளைக் கவனிப்பது ஆகிய அனைத்தையும் தாங்களே செய்கிறீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். அதை ஸ்னாப் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால், 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு விசாரணை கோரலாம். நிறுத்தம் நடைமுறைக்கு வருமுன்பே கோரினால், பொதுவாக முடிவு வரும்வரை உதவி தொடரும். தீர்ப்பு பாதகமானால் அத்தொகையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.