தேவிகுளத்துக்கு இரண்டு எம்.எல்.ஏ.

கேள்வி: தேவிகுளம் தொகுதியின் பழைய தேர்தல் முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1957-ல் கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸ், காங்கிரஸ் என். கணபதி இருவருமே வென்றதாகப் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா? ஓட்டுக் கணக்கும் உதைக்கிறதே, கள்ள ஓட்டா? நிஜமாகவே இரண்டு பேர் என்றால், அந்த நல்ல ஏற்பாட்டை ஏன் எடுத்தார்கள்? ஒருவர் வராவிட்டால் இன்னொருவராவது தொகுதிப் பக்கம் தலைகாட்டியிருப்பாரே!
- ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பிழையும் இல்லை, கள்ளமும் இல்லை. தேவிகுளம் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடம் ஒன்று, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது ஒன்று. கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்கு 114 தொகுதிகளிலிருந்து 126 பேர் வந்தார்கள். அந்த 12 பேர் வித்தியாசம் இப்படி வந்ததுதான். முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடே நீலேஸ்வரம் இரட்டைத் தொகுதியில் ஜெயித்தவர். சென்னை மாநிலத்தில் இன்னும் அதிகம்: 1952-ல் 309 தொகுதி, 375 உறுப்பினர், 1957-ல் 167 தொகுதி, 205 உறுப்பினர். உங்கள் தாத்தா இரண்டு ஓட்டுப் போட்டேன் என்று சொல்லியிருந்தால், வயசான காலத்தில் உளறுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர் கையில் நிஜமாகவே இரண்டு சீட்டு கொடுத்தார்கள். அப்போது சின்னத்துக்கு நேரே முத்திரை குத்தும் வேலை கிடையாது. மறைவுக்குள் வேட்பாளருக்கு ஒன்றாகப் பெட்டிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் சின்னம் ஒட்டியிருக்கும். ஒரு சீட்டை ஒரு பெட்டியிலும், இன்னொன்றை வேறு பெட்டியிலும் போட வேண்டும். பாசத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தால் ஒன்றுதான் செல்லும், மற்றது குப்பை.

எண்ணுகிற விதம்தான் முக்கியம். முதலில் ஒதுக்கீட்டு வேட்பாளர்களில் யாருக்கு அதிக ஓட்டு என்று பார்ப்பார்கள். அவருக்கு ஒதுக்கீட்டு இடம். அதன் பிறகு மீதி இருக்கிற எல்லோரையும், தோற்ற ஒதுக்கீட்டு வேட்பாளர்கள் உட்பட, ஒன்றாக வைத்துப் பார்த்து, அதிகம் வாங்கியவருக்குப் பொது இடம். 'உட்பட' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

தேவிகுளம் சாதாரணத் தொகுதி அல்ல. மூணாறைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள், அதில் மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய தமிழ்க் கூலிகள். 1952, 1954 தேர்தல்களில் அந்தப் பக்கத்துத் தமிழர்களின் தனிக் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்குத்தான் அங்கே கொடி பறந்தது. தாலுகாவைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டார்கள், கட்சித் தலைவர் நேசமணி கைதானார். மாநிலச் சீரமைப்புக் கமிஷன் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களைத் தமிழகத்துக்குக் கொடுத்துவிட்டு, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே வைத்தது. கோரிக்கை போன பிறகு கட்சி எதற்கு? அது காங்கிரஸில் கரைந்தது. 1957-ல் தோட்டத் தொழிலாளி கையில் இருந்த இரண்டு சீட்டில் ஒன்று கம்யூனிஸ்டுக்கும் ஒன்று காங்கிரஸுக்கும் போனதன் பின்கதை இது. (எல்லோரும் அப்படிப் பிரித்துப் போட்டார்கள் என்று சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் விளைவு அப்படி வந்தது.)

ரோசம்மா முதல் சபையின் தற்காலிக சபாநாயகராகவும் இருந்தார். ஆனால் காங்கிரஸின் பி.கே. நாயருடைய வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்குப் போய், அவருடைய வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். அரசுக்குச் சொந்தக் கட்சி 60, ஆதரவு சுயேச்சைகள் 5. ஒரு இடம் போனாலும் மூச்சுத் திணறும் நிலை. அந்தத் தேர்தலில்தான் மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு ஏறிப்போய்த் தோட்டம் தோட்டமாக ரோசம்மாவுக்காகப் பாடினார். உடன் போன தம்பி ராசய்யாவைப் பிற்பாடு இளையராஜா என்று அழைத்தோம். உங்கள் போடியிலிருந்து மலைப்பாதையில் போனால் எட்டிவிடும் தூரம், இந்தக் கதை உங்களுக்குத் தெரியாமல் போனதில்தான் எனக்கு வருத்தம். ரோசம்மா முன்பைவிட நல்ல வித்தியாசத்தில், எதிராளியைவிட 7,000 ஓட்டுக்கும் மேல் கூடுதலாக வாங்கி, திரும்பி வந்தார்.

இப்போது உங்கள் 'நல்ல ஏற்பாட்டு'க்கு வருகிறேன். யாருக்கு நல்லது? ஒதுக்கீட்டு இடத்துக்கு நிற்பவர் தன் மக்களின் ஓட்டை மட்டும் வாங்கி ஜெயிக்க முடியாது, அவர்கள் தொகுதியில் ஒரு பங்குதான். பெரிய கட்சி தன் பொது வேட்பாளரின் பக்கத்தில் யாரை நிறுத்துகிறதோ அவர் ஜோடியாக ஜெயித்துவிடுவார். மற்றவர் அம்பேத்கராகவே இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மிகைப்படுத்தவில்லை. 1952-ல் மக்களவைக்கு, பம்பாய் வடக்கு இரட்டைத் தொகுதியில், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் காங்கிரஸின் கஜ்ரோல்கரிடம் 14,561 ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலில் செல்லாமல் போன ஓட்டு 74,333. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒன்றை வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அம்பேத்கரும் கூட நின்று தோற்ற அசோக் மேத்தாவும் வழக்குப் போட்டார்கள், பலிக்கவில்லை. 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலில் மறுபடியும் இதே ஜோடி. 'உங்கள் ஆட்களை ஒரு ஓட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், ஜெயித்துவிடலாம்' என்று கூட இருந்தவர்கள் யோசனை சொன்னார்கள். ஓட்டை வீணாக்கச் சொல்ல மாட்டேன் என்றார் அவர். முடிவு? மேத்தா ஜெயித்தார், அம்பேத்கர் தோற்றார்.

இத்தனை நடந்தும் ஏற்பாடு அசையவில்லை. அசைந்தது 1957-க்குப் பிறகு. ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி, பொது இடம் ஒன்று, பழங்குடியினருக்கு ஒன்று. பொது இடத்துக்கு நின்றவர் வி.வி. கிரி, மத்திய அமைச்சராக இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதி. பழங்குடி வேட்பாளர்களில் முதலில் வந்தவர் ஒதுக்கீட்டு இடத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவதாக வந்த சூரி தோரா, அவரும் பழங்குடி, கிரியைவிட அதிக ஓட்டு வாங்கியிருந்ததால் பொது இடத்தையும் தட்டிக்கொண்டு போனார். அந்த 'உட்பட' இதுதான். ஒதுக்கீட்டுக்கு என்று மனு போட்டவர் பொது இடத்தைக் கேட்கலாமா என்று கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். கேட்கலாம், அவரும் குடிமகன்தானே என்ற பொருளில் 1959-ல் தீர்ப்பு வந்தது. 1961-ல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது.

தொகுதி மலைபோலப் பெரிது, செலவு தாங்காது என்பதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்பேத்கர் இரண்டு முறை தோற்றபோது பெரிதாகத் தெரியாத தொகுதி, கிரி ஒரு முறை தோற்றதும் பெரிதாகத் தெரிந்தது என்பது என் கணக்கு. உங்களுக்கு வேறு கணக்கு இருந்தால் எழுதுங்கள், போடுகிறேன்.

தேவிகுளத்துக்கு இப்போது ஒரே எம்.எல்.ஏ.தான், தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. வழக்கு மட்டும் அதை விடவில்லை. 2021-ல் ஜெயித்துத் தமிழில் உறுதிமொழி எடுத்த அ. ராஜாவுக்கு அந்த ஒதுக்கீட்டுத் தகுதி இல்லை என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இருக்கிறது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடைசியாக உங்கள் உதைக்கிற கணக்கு. ஆளுக்கு இரண்டு ஓட்டு என்பதால் இரட்டைத் தொகுதியில் பதிவான ஓட்டு, வந்த ஆட்களைவிட அதிகமாகத்தான் இருக்கும். அதற்காக அவசரப்பட்டு இரண்டால் வகுத்துவிடாதீர்கள். ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, இன்னொன்றை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.