கேட்டில் யார் நிற்கிறார்? அரசுப் பள்ளிப் பாதுகாப்பு: கேள்வி பதில்

வடசென்னையிலும் தாம்பரம் பக்கமும் அரசுப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி 9 வருடம் தலைமை ஆசிரியை. கேட் சாவி, கேட் சண்டை, கேட்டில் அழுகை எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிப் பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் உள்ள இடத்தில் சட்டத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் பட்டு அறிந்தது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா: என் பெண் நாலாவது படிக்கிறாள். பள்ளியில் வாட்ச்மேனே இல்லை. கேட்டால், "போஸ்ட்டே இல்லம்மா" என்கிறார்கள். நிஜமா டீச்சர்?

பெரும்பாலும் நிஜம்தான் அம்மா. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இரவுக் காவலர் என்று ஒரு பணியிடம் உண்டு. பெயரைக் கவனியுங்கள்: இரவுக் காவலர். பெஞ்சும் கம்ப்யூட்டரும் களவு போகாமல் பார்க்க வந்த வேலை அது. பிள்ளைகள் உள்ளே இருக்கிற பகல் நேரத்துக்கு என்று ஆள் போடும் வழக்கம் நம் ஊரில் பின்னால்தான் வந்தது. தொடக்கப் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். கூட்டுகிற அம்மாதான் கேட்டையும் திறப்பார், மணியும் அடிப்பார். அந்த இரவுக் காவலர் இடமும் ஆள் ஓய்வு பெற்றால் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அப்போது பெற்றோர் ஆசிரியர் கழகக் காசில், தெருவில் தெரிந்த ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு வைப்போம். நானும் அப்படித்தான் வைத்தேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அதே சட்டத்தின் அட்டவணையில் சுற்றுச்சுவரோ வேலியோ கட்டாயம் என்றும் இருக்கிறது. குழுக் கூட்டத்துக்குப் போய் "பாதுகாப்பு இல்லை" என்று பொதுவாகப் பேசாதீர்கள். "ஆவன செய்யப்படும்" என்று முடித்துவிடுவார்கள். "காலை 8.30 முதல் 9.15 வரை, மாலை 3.45 முதல் 4.45 வரை கேட்டில் பொறுப்பான ஆள் வேண்டும். பின்பக்கச் சுவர் இத்தனை அடி இடிந்திருக்கிறது" என்று தீர்மானமாக எழுத வையுங்கள். தீர்மானத்தின் நகல் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்வித் துறைக்கும் கவுன்சிலருக்கும், மற்றபடி மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போகட்டும். தீர்மான எண் போட்ட காகிதத்தை அவ்வளவு லேசில் குப்பையில் போட முடியாது.

நேரத்தை ஏன் அப்படிக் குறிக்கச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த வம்பில் பெரும்பகுதி அந்த இரண்டு நேரத்தில்தான் வந்தது. ஒரு நாள் மாலை நாலு பத்து. ரெண்டாவது படிக்கிற ஒரு பெண்ணைக் கூட்டிப் போக ஒருவர் வந்தார். நல்ல சட்டை, கையில் சாக்லேட், "மாமாங்க" என்றார். எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளையை யார் கூட்டிப் போவார்கள் என்பது அத்துப்படி. சின்ன கேட்டில் கை வைத்தபடியே, "பாப்பா, இது யாரு?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை; வாட்ச்மேன் அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் கேட்டைத் திறக்கவில்லை, சண்டையும் போடவில்லை. "அம்மாவுக்கு ஒரு போன் போட்டுடலாம் சார்" என்றார். "மாமா" டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். அந்த அண்ணனுக்கு நாங்கள் கொடுத்த சம்பளத்தை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு பட்டதாரி ஆசிரியை, செங்கல்பட்டு மாவட்டம்: மல்லிப்பட்டினம் சம்பவத்துக்குப் பிறகு பயமாக இருக்கிறது மேடம். எங்கள் பள்ளியில் யார் வேண்டுமானாலும் நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுகிறார்கள்.

2024 நவம்பர் 20. தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், வெளியிலிருந்து வந்த ஒருவன் 26 வயது ஆசிரியையைப் பள்ளிக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொன்றான். அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

பார்வையாளரை வகுப்புக்கோ ஸ்டாஃப் ரூமுக்கோ அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மரத்தடி என்றாலும் பரவாயில்லை. வந்தவர் அங்கேயே உட்காரட்டும், ஆசிரியர் அங்கே வரட்டும், பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். பள்ளி நேரத்தில் ஒரே கேட். வருகைப் பதிவேடு வைத்தால் மட்டும் போதாது, அதை யாராவது படிக்கவும் வேண்டும். ஒரு பள்ளியில் நான் புரட்டிய நோட்டில் இப்படி ஒரு வரி: "பெயர்: குமார். காரணம்: சும்மா." உள்ளே விட்டிருக்கிறார்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களை யாராவது தொடர்ந்து தொந்தரவு செய்தால், அது சொந்த விஷயம், பள்ளியில் சொன்னால் கேவலம் என்று மறைக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடமும் கேட்டில் இருப்பவரிடமும் போட்டோவைக் காட்டி "இவர் வந்தால் விடாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ஆனால் இதைச் சாக்காக வைத்துப் பெற்றோரையே வெளியில் நிறுத்தும் பள்ளிகளும் உண்டு. அதற்கு நான் ஆள் இல்லை.

ஏஜென்சி மூலம் பள்ளிக் காவலராக இருக்கும் ஒருவர்: 12 மணி நேர டியூட்டி. கூட்டச் சொல்கிறார்கள், சாப்பாட்டுப் பாத்திரம் தூக்கச் சொல்கிறார்கள், ரெண்டு பையன் சண்டை போட்டால் "ரெண்டு போடுப்பா" என்கிறார்கள். எது என் வேலை?

தம்பி, கடைசியிலிருந்து வருகிறேன். "ரெண்டு போடுப்பா" என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிக்கவும் மனதை நோகடிக்கவும் தடை போட்டிருக்கிறது. சொன்னவர் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார்.

உங்கள் தொழிலுக்கு 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் இருக்கிறது. முகமைக்கு உரிமம் வேண்டும், உங்கள் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், பயிற்சி தர வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகளில் வகுப்பு 100 மணி, களம் 60 மணி. உங்களுக்கு எத்தனை மணி கிடைத்தது? என்னிடம் வந்த காவலர்களில் ஒருவருக்குக் கிடைத்த பயிற்சி சட்டையும் தொப்பியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளச் சீட்டில் இருக்கிறதா, அந்தக் காசு உண்மையில் கட்டப்படுகிறதா என்று நீங்களே பாருங்கள்; பி.எஃப்.-க்கு யு.ஏ.என். என்ற கணக்கு எண், இ.எஸ்.ஐ.-க்கு உங்கள் இ.எஸ்.ஐ. எண்.

பள்ளிக்கென்று நான் போடும் கட்டுப்பாடு கொஞ்சம்தான்: பெண் பிள்ளைகளின் கழிப்பறைப் பக்கம் நீங்கள் தனியாகப் போகக் கூடாது, பிள்ளைகளுக்குப் போன் நம்பர் கொடுக்கக் கூடாது, தின்பண்டம் வாங்கித் தரக் கூடாது, பையைத் துழாவக் கூடாது. நல்ல மனசோடு செய்தாலும் கூடாது. அது உங்களுக்கும் பாதுகாப்பு. பாத்திரம் தூக்குவது ஒரு கை உதவி, சரி. ஆனால் அந்த நேரத்தில் கேட் காலி என்றால், தூக்கச் சொன்னவரிடம் அதைச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள்.

சிசிடிவி போட்டால் போதாதா?

நடந்த பிறகு பார்க்க உதவும். யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் பதிவு நிற்கிறது, மழைக்குப் பின் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு அப்பா: மாலையில் சிலம்பம் சொல்லித்தர ஒருவர் வருகிறார். யாரும் விசாரிக்கவில்லை. நான் கேட்டால் "சந்தேகப் பிராணி" என்கிறார்கள்.

நீங்கள் கேட்டது சரி சார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க உள்ளது போக்சோ சட்டம். அதன் கீழ் 2020-இல் வந்த விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர் எல்லோரையும் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஆசிரியரோ இல்லையோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, வித்தியாசமில்லை. ஒரு தடவை பார்த்து மூடி வைப்பதல்ல, அவ்வப்போது பார்க்க வேண்டும். மாஸ்டரும் அதில் வருவார், வாட்ச்மேனும் வருவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதில் என்ன நஷ்டம்?

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு பெண் பிள்ளை வகுப்பாசிரியையிடம் அலுவலக ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். "நாமே பேசி முடிச்சுக்கலாம், பள்ளி பேர் கெட்டுடும்" என்கிறார் எச்.எம்.

பேசி முடிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. எச்.எம். நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவுப்படி, இப்படி நடந்தது என்று தெரிந்தாலோ நடக்கலாம் என்று அச்சம் இருந்தாலோ போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைமை மறைத்தால் ஒரு வருடம் வரை. உண்மையா என்று முதலில் நாங்கள் விசாரிக்கிறோம் என்று பிள்ளையை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கும் கொடுமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விசாரிப்பது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அதே 19-ஆவது பிரிவு சொல்கிறது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம் இருக்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது; பிள்ளையின் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். ராத்திரி எக்காரணம் கொண்டும் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அவள் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள், பயம் பாதி குறையும். அவள் பெயரை, வகுப்பை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். எனக்கு அனுப்பிய செய்தியிலும் பள்ளிப் பெயர் இருந்தது, அழித்துவிட்டேன். நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே பேசுங்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர்: பையன்கள் பையில் கத்தி கொண்டு வருகிறார்கள். அமெரிக்கா மாதிரி மெட்டல் டிடெக்டர், பள்ளிக்குள் போலீஸ் வைத்தால் என்ன?

அங்கேயே இது முடிந்த விவாதம் இல்லை தம்பி. நியூயார்க்கில் 1998-இல் பள்ளிக் காவலர்களை நகரப் போலீஸின் கீழ் கொண்டு வந்தார்கள். சீருடை உண்டு, துப்பாக்கி கிடையாது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் ஒருவர் கொன்ற பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியம் தன் பள்ளிப் போலீஸ் பட்ஜெட்டில் 2.5 கோடி டாலர் வெட்டியது. டென்வர் நகரப் பள்ளி வாரியமும் பள்ளிகளிலிருந்து போலீஸை வெளியே அனுப்பியது. 2023-இல் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் திரும்பக் கூப்பிட்டது.

நம் கதை வேறு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வெட்டினார்கள். வெட்டியது பள்ளியில் இல்லை, வீட்டில். எந்த டிடெக்டர் அதைப் பிடித்திருக்கும்? வகுப்பில் பல நாளாக நடந்த சாதிச் சீண்டலை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் பிடித்திருக்கலாம். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்பதைத்தான் எல்லாரும் டிவியில் பேசினார்கள். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரையைப் பேசியவர் குறைவு. என்னைக் கேட்டால் காவலருக்கு முன்னால் கேட்க வேண்டிய பணியிடம் அதுதான்.

கத்தியே கிடைத்துவிட்டால்? கூட்டம் சேர்க்காமல் வாங்கி வைத்துவிட்டுப் பெற்றோரைக் கூப்பிடுங்கள். போலீஸ் தேவைப்பட்டால், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். எவன் கொண்டு வந்தான் என்பதைவிட யாருக்குப் பயந்து கொண்டு வந்தான் என்று கேட்டபோதுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் விஷயம் வெளியே வந்தது.

ராயபுரம் பெற்றோர் சிலர்: ராத்திரி மைதானத்தில் குடிக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் துடைப்பமும் மணல் வாளியுமாக நான் இறங்கிய நாட்கள் உண்டு. ஐந்தாவது படிக்கும் பையன் காலில் பாட்டில் சில்லு ஏறி நாலு தையல். மாநகராட்சிப் பகுதியில் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் டாஸ்மாக் கடை இருக்கக் கூடாது. 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. அளந்து பார்த்துப் புகார் கொடுங்கள். எங்களுக்குப் பலன் தந்தது அதைவிட எளிது: ஒரு பெரிய விளக்கு, அப்புறம் மாலை ஏழு வரை தெருப் பிள்ளைகளுக்குக் கபடி ஆட அனுமதி. ஆடுகிற இடத்தில் குடிக்க அவர்களுக்குக் கூச்சம்.

ஒரு பாட்டி, பேரனின் போனிலிருந்து: இப்ப எங்க ஸ்கூல்ல கேட்டைப் பூட்டியே வச்சிருக்காங்க. நல்லதுதானே?

பாதி நல்லது அம்மா. 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கூடத்துத் தீ கூரையில் ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். குறுகிய படி, வெளியே வர வழி இல்லை. அன்றிலிருந்து பூட்டைப் பார்த்தாலே எனக்கு இன்னொரு கேள்வியும் வரும். அடுத்த தடவை பேரனைக் கூட்டப் போகும்போது கேளுங்கள்: "சாவி யார்கிட்ட இருக்கு? அவர் டீ குடிக்கப் போனா யார்கிட்ட?" எங்கள் பள்ளியில் மூன்று சாவி. ஒன்று வாட்ச்மேன் அண்ணன் இடுப்பில், ஒன்று என் மேசை டிராயரில், ஒன்று சத்துணவு அம்மாவிடம். மாதம் ஒரு தடவை மூன்றையும் போட்டுத் திறந்து பார்ப்போம். முதல் மாதமே டிராயர் சாவி திறக்கவில்லை. அது பழைய பூட்டின் சாவி.