வாசகர் கேள்வி – பதில்: படகு துறையை விட்டுப் புறப்படும் முன்

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு கழிமுகத்துச் சுற்றுலாப் படகில் சென்றோம். மிதவைச் சட்டைகள் கூரையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. படகை ஓட்டிய இளைஞர், காலை ஆறு மணியிலிருந்து ஓட்டிக்கொண்டிருப்பதாகவும், ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி கிடைக்கும் என்றும் சொன்னார். இவர்களுடைய வேலை நேரத்துக்குச் சட்டம் எதுவும் இல்லையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூரையில் கட்டிய சட்டைகளையும் ஓட்டுநரின் கூலியையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்; இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவைதாம்.

கப்பல் பணியாளர்களின் வேலை நிலைமைகளுக்காக உலக நாடுகள் வகுத்த 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. ஓய்வு நேரத்தை அளவுகோலாகக் கொண்டால், ஒரு மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாள்களில் 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும் என்றும், அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்றும், அவற்றில் ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்றும் அது விதிக்கிறது. ஆனால் ஆறு, ஏரி, காயல் போன்ற உள்நாட்டு நீர்ப்பரப்புகளிலும், அலை தாக்காத கரையோர நீரிலும் மட்டுமே ஓடும் கலங்கள் அந்த உடன்படிக்கையின் வரம்புக்குள் வருவதில்லை. நீங்கள் பார்த்த இளைஞரைப் போன்றவர்கள் அந்த விலக்குக்குள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், படகின் பதிவையும் ஆய்வையும், ஓட்டுநரின் தகுதிச் சான்றிதழையும் வலியுறுத்துகிறது. இவை இன்றியமையாதவை. ஆயினும் நடைக்கணக்கில் கூலி வாங்கும் ஒருவர், ‘காற்று வலுக்கிறது, இந்த நடை வேண்டாம்’ என்றோ, ‘பத்துப் பேர் இறங்குங்கள்’ என்றோ சொன்னால், அன்றைய வருமானம் அவருடைய கையைவிட்டுத்தான் போகும். மாதச் சம்பளமும், படகை நிறுத்தும் அதிகாரமும், நிறுத்தியதற்காகத் தண்டிக்கப்படாத பாதுகாப்பும் உரிமத்தின் நிபந்தனைகளாகவே எழுதப்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2023 மே 7ஆம் தேதி கேரளத்தின் தானூரில், இருட்டிய நேரத்தில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றியமைத்து உருவாக்கிய கலம் அது. மீன்பிடிப் படகுக்குப் பனிக்கட்டியும் மீனும் அடியில் இருக்கும். பாரம் தாழ்ந்திருப்பதால் படகு நிலைத்து நிற்கும். அதன்மேல் ஒரு தளம் எழுப்பி ஆள்களை ஏற்றினால் பாரம் மேலே போய்விடுகிறது. சற்றே சாய்ந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சரிகிறார்கள். சாய்ந்த படகு பிறகு நிமிர்வதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 45 உயிர்களைக் கொண்டுபோன விபத்திலும், பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இறந்தவர்களில் தமிழ்நாட்டவர் பலர் இருந்தனர் என்பதை இங்கே நினைவூட்டவேண்டியிருக்கிறது.

கவிழும் படகில் கூரைக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது. படகு துறையில் நிற்கும்போதே ஒவ்வொருவருக்கும் சட்டையை அணிவித்து, வார்களை இழுத்துப் பார்த்த பிறகே படகைத் துறையோடு கட்டிய கயிறு அவிழ்க்கப்படவேண்டும். அதைச் சரிபார்க்க ஓட்டுநரைத் தவிர இன்னொரு பணியாளர் படகில் இருக்கவேண்டும். சுக்கானைப் பிடித்திருப்பவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த முறை ஏறும் முன், எத்தனை பேருக்கு அனுமதி என்ற எண் படகில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும், அந்த எண்ணைவிட அதிகமானோர் ஏறியிருந்தாலும், கட்டணம் போனால் போகட்டும் என்று இறங்கிவிடுங்கள். துறை அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். அந்தப் புகாரில் ஓட்டுநரைக் குற்றவாளியாக்காமல், அவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: பெரியவர்களுக்கான மிதவைச் சட்டையைக் குழந்தைக்கு அணிவிக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: கூடாது. தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலெழும்பிக் குழந்தையின் முகத்தை மூடிவிடும், அல்லது தலைவழியாகக் கழன்றுவிடும். குழந்தையின் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கு இடையே வரும் வாருடன் உள்ள சட்டை வேண்டும். அணிவித்த பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை மோவாயைத் தாண்டி ஏறினால் அது அந்தக் குழந்தைக்குரியது அன்று.