தானியங்கிச் சோதனைகளுக்கு வேண்டிய தரவுக் கோப்புகளை எங்கே வைப்பது?

உங்கள் மடிகணினியில் சரியாக ஓடும் சோதனைகள் சேவையகத்தில் மட்டும் ‘கோப்பு இல்லை’ என்று ஏன் தோல்வியடைகின்றன, தரவுக் கோப்புகளை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கடன் கணக்கு மென்பொருளை எழுதும் ஒரு சிறிய குழுவில் நான் பணியாற்றுகிறேன். இதே சிக்கலில் நாங்கள் இரண்டு முழு நாள்களை இழந்திருக்கிறோம்.

பெரும்பாலும் காரணம், கோப்பின் முழு முகவரி இல்லாமல் எழுதப்படும் சார்புப் பாதைதான். அத்தகைய பாதை, சோதனை எழுதப்பட்ட கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கட்டளை எந்தக் கோப்புறையிலிருந்து ஏவப்பட்டதோ அங்கிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே தரவுக் கோப்பைச் சோதனைக்கு அருகிலேயே வைத்து, நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) நிரலுடன் சேர்த்துப் பதிந்து, சோதனைக் கோப்பின் சொந்த இருப்பிடத்திலிருந்து பாதையை அமையுங்கள். பைதனில் பாத்லிப் (pathlib) என்னும் நூலகம் இதற்குப் போதும். ஜாவாவில் மேவன் (Maven) என்னும் தொகுப்புக் கருவியைப் பயன்படுத்தினால், ‘டெஸ்ட்’ கோப்புறைக்குள் உள்ள ‘ரிசோர்சஸ்’ இதற்கென்றே இருக்கிறது. அங்குள்ளவற்றை, ஜாவா தனக்கு வேண்டிய கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலான கிளாஸ்பாத் வழியாகப் படிக்கலாம். கோ மொழியில் ‘டெஸ்ட்டேட்டா’ என்னும் கோப்புறையைத் தொகுப்புக் கருவி பொருட்படுத்தாது, சோதனையும் அந்தந்தப் பொதியின் கோப்புறையிலிருந்தே ஓடும் என்பதால், அங்கே சார்புப் பாதையே சரியாக வேலை செய்யும். சோதனை எதையாவது எழுத வேண்டுமானால் மூலக் கோப்பைத் தொடாமல், பைதனின் சோதனைக் கருவியான பைடெஸ்ட் (pytest) ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே உருவாக்கித் தரும் தற்காலிகக் கோப்புறையில் எழுதுங்கள். கோப்புப் பெயரின் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்தும் என்பதையும் கவனியுங்கள்.

கோப்புக் கிடைத்த பிறகும் எங்கள் சோதனையொன்று விழுந்தது. ‘கொக்குவில்’ என்ற முகவரியைத் தேடினால், திரையில் அது தெளிவாக இருந்தும், நிரல் இல்லையென்றது. ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நேரடி ஒப்பீட்டில் இரண்டும் வேறு. ‘கோப்பாய்’ என்ற ஊர்ப்பெயருக்கும் இதே நிலைதான். படிக்கும்போதே, இத்தகைய இரட்டைக் குறியீடுகளை ஒன்றாக இணைக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுவதால் இது தீர்ந்தது. தரவுக் கோப்பை ‘ஒழுங்கு’ செய்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னபோது நான் மறுத்தேன். உண்மையான பயனர்கள் இரு வடிவங்களிலும் தட்டச்சு செய்வார்களாதலால், இரண்டும் அந்தக் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். குறியாக்கம் யுடிஎஃப்-8 என்பதையும் கோப்பைத் திறக்கும்போது வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

அதற்காக, சங்கத்தின் உண்மையான உறுப்பினர் பட்டியலை நகலெடுத்து மாதிரியாக வைக்காதீர்கள். கிட்டில் ஒருமுறை பதிந்த தேசிய அடையாள அட்டை எண், கோப்பை அழித்த பின்னும் வரலாற்றில் தங்கிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பவை. ஆகவே வயது கணக்கிடப்படாத சோதனைகளில், இன்று எவருக்கும் உரியதாக இருக்க முடியாத வகையில், எங்கள் மாதிரி எண்கள் எல்லாவற்றையும் 2090 என்றே தொடங்குகிறோம்.