சர்ஃப் அடித்தும் ஏன் வலிக்கவில்லை: எமரால்டில் கியாரடோஸ்

மகனின் போகேமான் எமரால்டு வீடியோ கேமை எடுத்து ஆடியதில், மேஜிகார்ப் என்ற சோப்ளாங்கி மீனைப் பொறுமையாக வளர்த்துக் கியாரடோஸ் என்ற அசுரன் ஆக்கியும், அதன் நீர்த் தாக்குதலான சர்ஃப் சப்பென்று விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு உங்கள் வளர்ப்பில் இல்லை. எமரால்டின் தலைமுறை விளையாட்டுகளில் ஒரு தாக்குதலின் பலத்துக்கு அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் என்ற இரண்டு எண்களில் எது கணக்காகும் என்பதை அதன் டைப்தான் (நீர், நெருப்பு போன்ற இனம்) முடிவு செய்கிறது. நீர், நெருப்பு, மின்சாரம் எல்லாம் ஸ்பெஷல் அட்டாக் கணக்கில் வரும்; நார்மல், நிலம் போன்றவை அட்டாக் கணக்கில். கியாரடோஸுக்கு அட்டாக் அடிப்படை எண் 125, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 60. பார்க்க அசுரன், தண்ணீர் பீய்ச்சுவதில் சோதா.

கியாரடோஸும் நீர் டைப் என்பதால் சர்ஃபின் பலமான 95 ஒன்றரை மடங்காகிறது. அப்படியும், இரண்டு டைப்புக்கும் தனி பலவீனமோ தடுப்போ இல்லாத எதிரியிடம், 80 பலமுள்ள நார்மல் டைப் தாக்குதலான ஸ்ட்ரெங்த் அதை முந்திவிடும். பாறை நகர்த்த வைத்திருந்த அதே ஸ்ட்ரெங்த்தான்! நில டைப் தாக்குதலான எர்த்க்வேக் கொடுத்தால் இன்னும் பலம், ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கும் டிஎம் என்ற பொருள் ஒருமுறைதான் பயன்படும், யோசித்துச் செலவழியுங்கள். அப்புறம் டிராகன் டான்ஸ் என்ற உத்தியைக் கற்க வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள், அட்டாக்கும் வேகமும் சேர்ந்து ஏறும்.

நேச்சரையும், அதாவது ஒவ்வொரு போகேமானுக்கும் உள்ள குணத்தையும் பாருங்கள். மாடஸ்ட் என்றிருந்தால் அட்டாக்கில் 10 சதவீதம் போச்சு. அடமண்ட் என்றால் அதே அளவு கூடும்.

இன்னொன்று, வீழ்த்தும் ஒவ்வொரு எதிரியும் உங்கள் போகேமானின் எண்களை ஏற்றும் புள்ளியை மறைவாகத் தருகிறது. பூச்சியேனா என்ற போகேமானை வீழ்த்தினால் அட்டாக்குக்கு, ஜிக்ஸகூனை வீழ்த்தினால் வேகத்துக்கு. ஒரு போகேமான் சேர்க்கக்கூடிய புள்ளிகளின் மொத்த வரம்பு 510. குழந்தைகள் விளையாட்டில் இந்தக் கணக்குப்பிள்ளை வேலையை எவர் எதிர்பார்ப்பார்? முதலில் ஸ்ட்ரெங்த்தை அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.