வக்கீல் அம்மா பதில்கள்: தலசேரியிலிருந்து வந்த நீதிபதி

(மன்னார்குடியில் முப்பத்தேழு வருடமாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகன் சட்டம் படித்துவிட்டு ஊரிலேயே வக்கீலாக இருக்கிறான். கட்சியிலும் இருக்கிறான், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்கிறான். அவன் நீதிபதியாக வேண்டும் என்பது என் ஆசை. அரசியலுக்குப் போனவன் அந்த நாற்காலியில் உட்கார முடியுமா?
வாசகர், கூத்தாநல்லூர்

உட்கார்ந்திருக்கிறார்கள் ஐயா. அதில் ஒருவரைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பை நான் விடமாட்டேன்.

வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், அப்பாவும் வக்கீல். நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு சென்னையில் சட்டம். 1930களின் கடைசியில் மலபாரில் தலசேரி என்ற சின்ன ஊரில் கோட்டு மாட்டினார். தொழிலாளிகளும் குத்தகைக்காரர்களும் கம்யூனிஸ்ட் என்று பிடித்து வரப்பட்டவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு உதவினார் என்று சொல்லி 1948இல் அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள்.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1952 தேர்தலில் கூத்துப்பறம்பு தொகுதியில் ஜெயித்துச் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். நம் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சபையின் காலத்தில் வந்ததுதான். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்கு) மேல் நிலம் வைத்திருந்தவர்கள், நினைத்த நேரத்தில் பண்ணையாளைத் துரத்த முடியாது என்று ஆனது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுத வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதி வைத்ததும் அதுதான். என் தாத்தா காலத்து ஆட்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை வந்தபோது இவர் மந்திரி. சட்டம், உள்துறை, நீர்ப்பாசனம் எல்லாம் இவரிடம். சிறைத்துறையும் இவரிடம்தான். 1959இல் ஆட்சியைக் கலைத்தார்கள். அடுத்த மாதமே பழைய கோட்டைத் தூசி தட்டிக்கொண்டு கோர்ட்டுக்குத் திரும்பிவிட்டார். 1965 தேர்தலில் தோற்றார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1973இல் உச்ச நீதிமன்றம், 1980இல் ஓய்வு.

1979 டிசம்பரில் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிய வழக்கில் தீர்ப்பு வந்தது. பக்கத்துக் கைதியை வார்டர் சித்திரவதை செய்கிறார் என்பது கடிதத்தின் விஷயம். வக்காலத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, சிறைக்குள் போனாலும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர். ஒரு மாதம் உள்ளே இருந்தவர், பிறகு சிறைத்துறையையே நடத்தியவர், அதற்கும் பிறகு நீதிபதி. அந்தக் கடிதம் சரியான கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

உங்கள் மகன் விஷயம்: நீதித்துறைத் தேர்வு எழுதி உரிமையியல் நீதிபதி ஆக வேண்டுமானால், மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதவிக்கு வந்த அன்றிலிருந்து கட்சி கிடையாது. அதுவரை ஊரில் நாலு பேர் கஷ்டத்துக்கு அலையட்டும் ஐயா, தடுக்காதீர்கள்.

இந்திரா காந்திக்குத் தடை உத்தரவு கொடுத்தவர் இவர்தானே? அதில் அரசியல் இல்லை என்கிறீர்களா?
வாசகி, நன்னிலம்

அவர்தான் அம்மா. 1975 ஜூன் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்கத் தடை கேட்டு இந்திரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கோடை விடுமுறையில் அங்கே உட்கார்ந்திருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட மந்திரி தொலைபேசியில் கூப்பிட்டு நேரில் பார்க்கலாமா என்று கேட்டதாகவும், மனுவைப் பதிவாளரிடம் கொடுத்தால் போதும் என்று தான் சொல்லிவிட்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 24ஆம் தேதி உத்தரவு: பிரதமராக இருக்கலாம், சபையில் பேசலாம், ஆனால் உறுப்பினராக ஓட்டுப்போடக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது. முழுத் தடை கேட்டவர்களுக்கும் திருப்தியில்லை, தடையே கூடாது என்றவர்களுக்கும் திருப்தியில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்துவிட்டது. அவர் முழுத் தடை கொடுத்திருந்தால் அது வந்திருக்காது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனுவில் இருப்பதைத்தான் நீதிபதி பார்க்க முடியும், நாளை ராத்திரி என்ன நடக்கும் என்பதை அல்ல.

தம்பி மேற்கே வேலைக்குப் போன ஊரில் ஒரு அடிதடி வழக்கில் மாட்டிக்கொண்டான். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஊர்க்காரர் இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. பன்னிரண்டு நாள் ஆகிறது.
வாசகர், கோட்டூர்

தம்பி, இந்தக் கேள்வியைத்தான் முதலில் போடச் சொன்னேன், பக்க அமைப்பில் கீழே வந்துவிட்டது. கவனமாகப் படியுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, சம்பா அறுப்பு முடிந்த சமயம். ஒரு அம்மா என் வாசலில் வந்து உட்கார்ந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் எட்டாக மடித்த வீட்டுவரி ரசீது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பருக்கை வைத்துத் தாள் ஒட்டியிருந்தது. மகன் வெளியூரில் சின்னத் திருட்டு வழக்கில் பத்தொன்பது நாளாக உள்ளே. ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது, உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லை. "இந்த ரசீது நம்ம ஊர்லதான் செல்லும், அங்க செல்லாதுங்கிறாங்களே, மெய்யாம்மா?" என்றார். அந்த ரசீதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு காகிதம் இல்லை.

என் சீனியர் அலமாரியிலிருந்து ஒரு தீர்ப்பின் நகலை எடுத்துக் கொடுத்தார். மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு, 1978. மோதி ராம் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் தர வந்தால், உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். கிருஷ்ணய்யருக்கு வந்த கோபத்தை அந்தப் பக்கங்களில் இன்றும் பார்க்கலாம். ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால், அந்த மாவட்டத்து ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்கிறார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடச் சொன்னார்.

ராத்திரி பஸ் பிடித்து அந்த அம்மாவோடு போனேன். மாஜிஸ்திரேட் நகலை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். ரசீதைக் கேட்டார். அந்த அம்மா கவரிலிருந்து எடுத்து, ஒட்டிய பக்கம் கிழிந்துவிடாமல் மெதுவாகப் பிரித்து நீட்டினார். சாயங்காலம் பையன் வெளியே வந்துவிட்டான்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி அதே கோர்ட்டில் மனுப் போடச் சொல்லுங்கள், மோதி ராம் தீர்ப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வீட்டுவரி ரசீதும் ஆதாரும் எடுத்துக்கொண்டு நீங்களே ஜாமீன்தாரராகப் போய் நில்லுங்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்தால் இன்னும் சுலபம்: கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லை என்றால், அதை வைத்தே அவரை வசதியற்றவர் என்று கொள்ளலாம், ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பத்திரத்தில் விடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 478ஆம் பிரிவு. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் அந்தக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், இலவசம். நாளைக்கே கிளம்புங்கள்.

எங்கள் தெருச் சாக்கடை வருடக்கணக்காகத் திறந்து கிடக்கிறது. நிதி இல்லை என்கிறார்கள்.
வாசகி, ஊர் பெயர் வேண்டாம்

ரத்லம் என்ற ஊரில் இதே நாற்றம், இதே பதில். 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காசில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று எழுதியவரும் கிருஷ்ணய்யர்தான். பொதுத் தொல்லையை நீக்கக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. தெருக்காரர்கள் பத்துப் பேராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து இணையுங்கள்.

நம் பட்டுக்கோட்டைக்காரர் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து ஒரு நீதிபதி ஜனாதிபதி தேர்தலில் நின்றாராமே?
வாசகர், அதிராம்பட்டினம்

இவரேதான். 1987இல் எதிர்க்கட்சிகள் நிறுத்திய வேட்பாளர் கிருஷ்ணய்யர். உங்கள் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த வெங்கட்ராமன் ஜெயித்தார். அவரும் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர், தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஒரு இதழ் தொடங்கியவர். தோற்ற பிறகும் கிருஷ்ணய்யர் வீட்டில் முடங்கவில்லை. 2014 டிசம்பர் 4ஆம் தேதி கொச்சியில் இறந்தார். வெங்கட்ராமன் பிறந்ததும் ஒரு டிசம்பர் 4தான், 1910இல்.